மாமி தந்த அத்தாட்சிக் கடிதம்

போன மாதம் ஒரு காலை, நான் விட்டுவந்த கதிரையில் இப்போது இருக்கும் பிள்ளை எனக்குத் தொலைபேசி எடுத்தார். பள்ளிக்கூடத்தின் பழைய கோப்புகளை எல்லாம் கணினியில் ஏற்றுகிறார்களாம். ஒரு கோப்பு வரும்வரைக்கும் எல்லாம் ஒழுங்காகத்தான் போனதாம்.

“சேர், இதுல தகப்பன்ட தொழில் எஞ்சின் மெக்கானிக் எண்டிரிக்கு. எங்க இருந்து வந்தவர் எண்ட இடத்துல அட்டாளைச்சேனை எண்டிரிக்கு. கம்பியூட்டர்ல நாடுகள்ட லிஸ்ட்லதான் எடுக்க ஏலும் சேர். அதுல நம்ம பக்கத்து ஊர் அட்டாளைச்சேனை இல்ல. என்ன செய்ற?”

“விடுபட்டிருந்தா சேத்துக்கங்க மகள்” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. புதிதாக வேலைக்கு வந்தவர்கள் சிரிப்பதில்லை, எனக்கும் அந்த வயதில் சிரிப்பு வந்ததில்லை. நடந்ததை எழுதித் தாருங்கள், கோப்புக்குள் வைத்துவிடுகிறேன் என்றார். கோப்புக்குள் வைக்கக்கூடிய விதமாகத்தான் எழுதத் தொடங்கினேன். முடியவில்லை.

என்னைப் பற்றி அதிகம் இல்லை. நிந்தவூரில் பிறந்தேன், சாய்ந்தமருதில் கலியாணம் முடித்தேன். அரச கந்தோர் ஒன்றில் பன்னிரண்டு வருடம் இலிகிதராக இருந்து, கோப்புக்கு நூல் கட்டவும், கட்டிய நூலை அவிழ்க்கவும், அவிழ்த்ததைப் பெரியவர் வருவதற்குள் மறுபடி கட்டவும் படித்துக்கொண்டேன். அதன்பிறகுதான் இந்தச் சர்வதேசப் பாடசாலை வந்தது. நீர்த்திட்டம், வைத்தியம், வீதி என்று பிறநாட்டுக் குடும்பங்கள் எங்கள் கரைக்கு வேலைக்கு வந்துகொண்டிருந்த காலம். அவர்களுடைய பிள்ளைகளுக்காகக் கொழும்பில் உள்ள நிதியம் ஒன்று கடற்கரை வீதியில் அதைக் கட்டியது. உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு அங்கே இடமில்லை. ஊர்க்காரர்கள் மதிலுக்கு வெளியே நின்று என்னைத் திட்டுவார்கள், நான் மதிலுக்கு உள்ளே நின்று தலையாட்டுவேன். சேர்க்கைப் பதிவாளர் என்பது என்னுடைய பதவியின் பெயர்.

பாடத்திட்டமும் பிறநாட்டிலிருந்து பெட்டியில் வந்தது. முதலாம் வகுப்புக்கு ஒக்டோபரில் இலையுதிர் காலம். மரத்தடியில் விழுந்த இலைகளைப் பொறுக்கிவந்து கொப்பியில் ஒட்டவேண்டும். எங்கள் வளவில் நின்றவை தென்னைகள். பிள்ளைகள் ஆளுக்கொரு காய்ந்த ஓலையை இழுத்துக்கொண்டு வகுப்புக்குள் வந்தார்கள். கதவைச் சாத்த முடியவில்லை. டிசம்பரில் பனிமனிதன் செய்யவேண்டும். டிசம்பரில் இங்கே வீதியில் முழங்கால் வெள்ளம். ஆசிரியை அழாக்குறையாக அதிபரிடம் போனார்.

எங்கள் அதிபர் திருமதி யோகராணி யாழ்ப்பாணத்துக்காரர். முப்பது வருடம் சாம்பியாவில் படிப்பித்துவிட்டு வந்தவர். எந்தக் கடதாசியை வாசித்தாலும் ஒவ்வொரு வரிக்குக் கீழேயும் கோடு போடும் மர அடிமட்டம் ஒன்றை வைத்து, ஒவ்வொரு வரியாக இறக்கி இறக்கி வாசிப்பார். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. அவரிடம் எதைச் சொன்னாலும் திரும்பி வருவது இரண்டு சொற்கள்தான்: “எழுத்தில காட்டுங்கோ.” எழுத்தில் இல்லாததைச் செய்யமாட்டார். எழுத்தில் தடுக்காததைச் செய்யப் பயப்படவும்மாட்டார். அன்றைக்கும் பாடத்திட்டத்தின் மேல் அடிமட்டத்தை வைத்து இறக்கினார்.

“பனிமனிசன் செய்யச் சொல்லித்தான் கிடக்கு. என்னத்தால செய்யிறதெண்டு எழுதேல்லையே” என்றார்.

துருவிய தேங்காய்ப்பூவில் செய்தோம். இடைவேளை மணி அடிப்பதற்குள் காகம் தலையைத் தின்றுவிட்டது.

இனி ஜவாத்தின் கதைக்கு வருகிறேன்.

ஒரு வகுப்பில் குறைந்தது ஆறு பிள்ளைகள் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் அந்த வகுப்பை மூடவேண்டும் என்பது நிதியத்தின் விதி. ஒரு வருடம் முதலாம் வகுப்புக்கு ஐந்து பிள்ளைகள்தான் தேறினார்கள். ஆறாவதாக வரவிருந்த குடும்பம் வேலை முடிந்து விமானம் ஏறிவிட்டது. கடைசித் திகதிக்கு ஒரு கிழமை இருந்தது. நான் கடற்கரையில் தொப்பி போட்ட வெள்ளைக்காரர் எவரையாவது கண்டால் பின்னால் போய், பிள்ளை இருக்கிறதா என்று கேட்கும் நிலைக்கு வந்திருந்தேன். ஒருவர் பொலிசுக்குச் சொல்லிவிடுவேன் என்றார்.

அந்தக் கிழமைதான் ஜவாத் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். மருதமுனையில் மீன்பிடி வள்ளங்களின் எஞ்சின் திருத்துபவர். கையில் எங்கள் விண்ணப்பப் படிவம். அதன் நான்கு மூலையிலும் கிறீஸ் அடையாளம்.

அவருக்கு ஒரே மகள், சைனப், ஆறு வயது. எங்களிடம் ஏற்கனவே சேர்ந்திருந்த யுமி என்ற ஜப்பான் பிள்ளையின் தகப்பன் கடலில் ஆழம் அளக்கிறவர், அவருடைய படகு எஞ்சினை ஜவாத்தான் திருத்துவார். எஞ்சின் திருத்தும் இடத்தில் இரண்டு பிள்ளைகளும் சேர்ந்து மணலில் விளையாடி ஒட்டிக்கொண்டுவிட்டன. யுமி மருதமுனைத் தமிழ் கதைக்கப் பழகிவிட்டாள். சைனப் என்னவோ ஒன்று பழகியிருந்தாள், அது ஜப்பான் மொழி என்று அவள் சொல்லிக்கொண்டாள். வகுப்பை மூடினால் யுமியைக் கொழும்புக்கு அனுப்பிவிடுவார்கள். சைனப் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை.

“தம்பி, இது எக்ஸ்பேட் குடும்பங்களுக்கு, வெளிநாட்டு ஆக்களுக்கு உள்ள பள்ளிக்கூடம்” என்றேன்.

“ஓம் சேர். எக்ஸ்பேட் எண்டா ஆரு எண்டு பின்னால எழுதிரிக்கு. வாசிச்சிப் பாத்தன். இதுல செல்லிரிக்கிற ஆள் நான்தான் சேர்.”

படிவத்தைத் திருப்பிக் காட்டினார். ஐந்தாறு வருடமாக நானே அச்சிட்டுக் கொடுத்த படிவம். பின்பக்கத்தை நான் ஒருநாளும் வாசித்ததில்லை. “எக்ஸ்பேட் குடும்பம் என்பது, பிறந்த இடத்தை விட்டு நீங்கி, தமக்கு உரித்தில்லாத இல்லத்தில், பிறரது அனுசரணையில் வசிப்பவரின் குடும்பமாகும்.” கொழும்புச் சட்டத்தரணி எழுதியது. நாடு என்ற சொல்லை அவர் போடவில்லை. போடத் தேவையில்லை என்று நினைத்திருப்பார். அவர் இந்தக் கரையில் கலியாணம் முடிக்காதவர்.

இங்கே வீடு பெண்ணுக்கு. கலியாணம் முடித்த மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு பெண்வீட்டுக்கு வந்துசேருவார். பிறகு அவருடைய சீவியம் அங்கேதான். சுவரில் ஓர் ஆணி அடிக்கவும் பெண்ணின் தாயை, மாமியைக் கேட்கவேண்டும்.

“நான் பிறந்த அட்டாளைச்சேனை. எட்டு வருசமா மருதமுனையில இரிக்கன். ஊடு என்டயில்ல. மாமிட அனுசரணை. இதுல எது சேர் பிழை?” என்றார் ஜவாத்.

நான் அந்த வரியை இன்னொரு தரம் வாசித்தேன். முப்பத்தொரு வருடமாகச் சாய்ந்தமருதில் மனைவியின் வீட்டில் இருக்கும் நிந்தவூர்க்காரன் நான். நானும் எக்ஸ்பேட்தான் என்று அந்த நிமிடம்தான் எனக்கு விளங்கியது. இவ்வளவு காலமும் யாரும் என்னிடம் சொல்லவில்லையே என்று கோபமும் வந்தது.

படிவத்தை அதிபரிடம் கொண்டுபோனோம். மெடம் அடிமட்டத்தை வைத்து அந்த வரியை மூன்று தரம் வாசித்தார்.

“உவர் சொல்லுறது சரிதானே, ரெஜிஸ்ட்ரார். ஆவணங்களை எடுங்கோ. மற்ற ஆக்களுக்கு என்ன செய்யிறமோ இவருக்கும் அதுதான். ஒண்டும் குறையவும் கூடாது, கூடவும் கூடாது.”

முதலாவது ஆவணம் பிறப்புச் சான்றிதழ், அது சரியாக இருந்தது. இரண்டாவது, குடும்பத்துக்குப் பொறுப்பேற்று அனுசரணை வழங்கும் தாபனத்தின் அத்தாட்சிக் கடிதம். மற்றவர்களுக்கு அதைத் தூதரகமோ கம்பனியோ கொடுக்கும். ஜவாத்துக்கு அவருடைய மாமி ஆசியா உம்மா கொடுத்தார். கடிதத்தை ஜவாத் எழுதிக்கொண்டுபோய் நீட்ட, ஆசியா உம்மா முழுதாக வாசிக்கச் சொல்லிக் கேட்டு, மனம் குளிர்ந்து, இன்னும் சில சொல் சேர்க்கச் சொன்னாராம். “இவ்வீட்டில் எனது மருமகனுக்கு எவ்வித உரித்தும் இல்லை என்றும், இனிமேலும் இருக்கமாட்டாது என்றும் இத்தால் உறுதிப்படுத்துகிறேன்” என்று இருந்தது. இனிமேல் பற்றி நாங்கள் கேட்கவேயில்லை. ஒப்பந்தக் காலம் என்ற இடத்தில், “நடத்தையைப் பொறுத்தது” என்று இருந்தது. அந்தக் கதிரையில் நான் இருந்த காலம் முழுவதிலும் இவ்வளவு தெளிவான அத்தாட்சிக் கடிதம் எந்தத் தூதரகமும் எனக்குத் தந்ததில்லை.

கட்டணம்தான் சிக்கலானது. அதை அனுசரணையாளர் செலுத்தவேண்டும் என்று படிவத்தில் இருந்தது.

“மருமகன நான் வெச்சிரிக்கன். பள்ளிக்கூடத்தையும் நானா வெச்சிரிக்கிற?” என்று ஆசியா உம்மா கேட்டனுப்பினார்.

கடைசியில் ஜவாத்தே கட்டினார், பற்றுச்சீட்டு மாமியின் பெயரில் போனது. ஆசியா உம்மா அதை அயலெல்லாம் காட்டி, பேத்தியைத் தான்தான் படிப்பிப்பதாகச் சொல்லித் திரிந்தார்.

மூன்றாவது, வீட்டுத் தரிசிப்பு. அதிபரும் பதிவாளரும் போய், குடும்பம் புதிய இடத்தில் எப்படி இருக்கிறது என்று பார்த்து எழுதவேண்டும். மெடமும் நானும் போனோம். தறிச்சத்தம் கேட்கும் ஒழுங்கை, நீல நிறச் சுவர், முன் அறையில் வட்டிலப்பமும் பிளேன்டீயும். ஆசியா உம்மா குசினிக்குள் அடுப்பு வேலையில் இருந்தார். ஆனால் அவருடைய காது எங்களோடு முன் அறையில் இருந்தது.

“உள்ளூர் மொழியில சிரமம் இருக்கோ?” என்று மெடம் முதல் கேள்வியைக் கேட்டார்.

“நான் ஒண்டு செல்ல, இவங்க வேற ஒண்டு விளங்குவாங்க மெடம்.”

“சாப்பாடு ஒத்துக்கொள்ளுதோ?”

“எங்கட ஊருல மீன் ஆணத்துக்குப் புளி கூட. இஞ்ச தேங்காப்பால் கூட. இன்னம் பழகல்ல.”

“அப்ப என்னத்துக்கு மூண்டு தரம் போட்டுத் திங்கிற?” என்று குசினி கேட்டது.

மெடம் அதையும் எழுதினார். பிறகு, “பிறந்த இடத்தை நினைச்சு மனம் வருந்திறதுண்டோ?” என்றார்.

ஜவாத் குசினிப் பக்கம் ஒரு தரம் பார்த்தார்.

“பெருநாளைக்கு வரும் மெடம். தொழுதுட்டு வெளிய வந்தா, இஞ்ச உள்ளவங்க எல்லாரும் நடந்தே அவங்கட உம்மாக்களப் பாக்கப் போவாங்க. நான் பஸ்ஸுக்கு நிப்பன்.” பிறகு குரலைத் தாழ்த்தி, “மாமிக்கிட்டச் செல்லிராதீங்க” என்றார்.

எனக்கு என்னுடைய ஊர் ஞாபகம் வந்தது. நிந்தவூருக்கும் சாய்ந்தமருதுக்கும் நடுவில் காரைதீவு ஒன்றுதான் கிடக்கிறது, மீன் வாங்கப் போய்வரும் தூரம். இருந்தாலும் வந்தது. நான் வட்டிலப்பத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

“வீட்டில உரித்தில்லை எண்டு கடிதம் சொல்லுது. நேரில பாக்கவேணும்” என்றார் மெடம். சுற்றிப் பார்த்து, சுவரோரம் கிடந்த கதிரையை அடிமட்டத்தால் காட்டினார். “அதை யன்னலடிக்கு மாத்துங்கோ பாப்பம்.”

ஜவாத் பயந்து பயந்து கதிரையைத் தூக்கினார். ஒரு கால் நிலத்தில் உரசியது.

“ஆரு அது கதிரய அசக்கிற? கிடந்த இடத்துல வெய்யி!” என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

மெடம் சரி அடையாளம் போட்டார். அடுத்த திங்கட்கிழமை சைனப்பும் யுமியும் ஒரே வாங்கில் இருந்தார்கள். வகுப்பு பிழைத்தது.

செய்தி ஊருக்குள் பரவியதும் எங்கள் கேற்றடியில் மருமகன்மார் வரிசை. மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது எல்லா இடத்திலிருந்தும் வந்தார்கள். சேர்க்கைத் திகதி முடிந்துவிட்டது என்று நான் சொல்லி முடிக்கும்முன், முன்னால் நின்றவர், தனக்குப் பிள்ளையே இல்லை, தான் எக்ஸ்பேட் என்று ஒரு துண்டு எழுதித் தந்தால் போதும், வீட்டில் காட்டவேண்டும் என்றார். அவருக்குப் பின்னால் நின்றவர்களும் அதையே கேட்டார்கள். எனக்கும் ஒன்று அடித்து வைத்துக்கொள்ளலாமா என்று யோசித்தேன். மெடத்தின் அறைக் கதவு திறந்து கிடந்ததால் விட்டுவிட்டேன்.

அடுத்த வருடம் வந்தது. அதே ஆறு பிள்ளைகள், இரண்டாம் வகுப்பு. எக்ஸ்பேட் நிலை இன்னும் இருக்கிறது என்று அனுசரணையாளர் வருடாவருடம் மறுபடி கையெழுத்து வைக்கவேண்டும். ஐந்து தாபனங்களின் கடிதம் வந்துவிட்டது. தவணை தொடங்கும் காலை, நிதியத்துக்கு எல்லாவற்றையும் அனுப்பவேண்டிய அன்றைக்கு, ஜவாத் ஓட்டமாக வந்தார்.

“சேர், மாமி கையெழுத்து வெக்க மாட்டாவாம்!”

மெடம் அடிமட்டத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். நாங்கள் போனபோது சைனப் சீருடை போட்டு, புத்தகப்பையை முதுகில் மாட்டி, வாசற்படியில் குந்தியிருந்தாள். “சேர், நான் இண்டைக்கி இஸ்கூலுக்குப் போறதா இல்லயா? யுமி பாத்துட்டு இரிப்பா” என்றாள். பார்ப்போம் என்று அவளுக்குச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

நடந்தது இதுதான். நடுவில் ஆசியா உம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் படர்ந்திருந்த வெள்ளையைச் சத்திரசிகிச்சை செய்து எடுத்தார்கள். ஆஸ்பத்திரிக்கு மோட்டார் சைக்கிளில் ஏற்றிப்போய் வந்தது ஜவாத். ஆறு கிழமை, ஒரு நாளைக்கு நான்கு தரம், வேலைத்தளத்திலிருந்து ஓடிவந்து, கிறீஸ் போகச் சவர்க்காரம் போட்டுக் கை கழுவி, கண்ணுக்கு மருந்து விட்டதும் ஜவாத்.

“உரித்தில்ல எண்டு நான் எழுத மாட்டன்” என்றார் ஆசியா உம்மா. கதிரையில் நிமிர்ந்து இருந்தார்.

“போன வருசம் எழுதினீங்கள்தானே அம்மா?” என்றார் மெடம்.

“போன வருசம் எனக்குக் கண் தெரியல்ல.”

“மாமி, அல்லாஹ்வுக்காக! நான் பிறத்தியான் எண்டு ஒரு கையெழுத்து வெச்சித் தாங்க மாமி!” என்று ஜவாத் கெஞ்சினார்.

“பிறத்தியான்ட கைய என்ட கண்ணுல வெக்க உடுவனா? பொய் எழுதச் செல்றியா? வாய மூடு மகன்.”

ஜவாத் வாயை மூடினார். ஒன்பது வருடத்தில் அவர் மாமியிடமிருந்து கேட்ட முதல் ‘மகன்’ அது. அவருடைய கண் நிறைந்துவிட்டது. சந்தோசப்படவும் முடியவில்லை, அந்தச் சொல்லால்தான் மகளுடைய இடம் போகப்போகிறது. அப்படியொரு முகத்தை நான் கண்டதில்லை. எனக்கு அவரைக் கட்டிப்பிடித்து அழவேண்டும் போல இருந்தது. சிரிப்பும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு நின்றேன்.

ஆசியா உம்மாவும் அந்த முகத்தைக் கண்டிருப்பார், இப்போது அவருக்குக் கண் தெரியும். கொஞ்சம் யோசித்தார்.

“அப்ப அவன்ட இடத்துல என்னப் போடுங்க. நான் எக்ஸ்பேட்” என்றார்.

“நீங்களோ? நீங்கள் எங்க பிறந்தனியள்?” என்றார் மெடம்.

“மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில. உம்மாக்குக் கஸ்டமா இரிந்து அங்க கொண்டு போனதாம். பேர்த் சேட்டிபிக்கட் பெட்டிக்குள்ள கிடக்கு.”

“சரி, பிறந்த இடம் வேற. ஆனா வீடு உங்கடதெல்லோ?”

“எனக்கெங்க ஊடு? மகள்ட கலியாணத்தண்டே அவள்ட பேருக்கு எழுதிட்டனே.”

மெடத்தின் அடிமட்டம் வரியின் மேல் அப்படியே நின்றது. முழு மருதமுனைக்கும் தெரிந்த விசயம். வாழ்நாளெல்லாம் பெண்வீட்டில் இருந்த எனக்கும் தெரிந்த விசயம். போன வருடம் கடிதத்தை வாங்கிக் கோப்பில் கட்டியபோது ஒருவருக்கும் மனதில் வரவில்லை.

“அப்ப போன வருசம் எந்த உரித்தில கையெழுத்து வைச்சனியள்?”

“மாமியார் எண்ட உரித்துல” என்றார் ஆசியா உம்மா.

மெடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். “வீட்டுக்காரர்தான் கையெழுத்து வைக்கவேணும். எங்க அவ?”

ஜவாத்தின் மனைவி றினோசா அதுவரைக்கும் குசினிக்குள் அப்பம் சுட்டுக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அடுப்பைத் தணித்துவிட்டு, முந்தானையில் கை துடைத்துக்கொண்டு வந்தார். நான் அவருடைய குரலை அதற்கு முன் கேட்டதேயில்லை. மெடம் கடிதத்தை அவருக்கு மெதுவாக வாசித்துக் காட்டி, உரித்தில்லாதவர் என்று யாருடைய பெயரைப் போடுவது, கணவருடையதையா, தாயுடையதையா என்று கேட்டார்.

“ரெண்டு பேர்ட பேரையும் போடுங்க” என்றார் றினோசா.

“உம்மாடதையுமா?” என்று ஜவாத் பதறினார்.

“மகன்டதையுமா?” என்று ஆசியா உம்மா பதறினார்.

“ஓம். ஊடு என்ட. எங்க மெடம் கையெழுத்து வெக்கிற?”

மெடம் பேனையைக் கொடுத்தார். றினோசா முழுப்பெயரையும் ஆறுதலாக எழுதிக் கையெழுத்து வைத்தார். வாசற்படியில் இருந்த சைனப் அதை எட்டிப் பார்த்துவிட்டு மோட்டார் சைக்கிளில் போய் ஏறிக்கொண்டாள். ஜவாத்தும் மாமியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி நின்றார்கள். அந்த வீட்டில் அவர்கள் இரண்டு பேருக்கும் அந்த நிமிடத்திலிருந்து எழுத்தில் ஒன்றுமே இல்லை.

“சரி, ஆறு பிள்ளையும் வந்திட்டுது” என்று மெடம் கடதாசியை மடிக்கப் போனார்.

“மடிக்காதீங்க மெடம், இன்னொண்டும் எழுதணும்” என்றார் றினோசா. “ரெண்டு பேரும் இந்த ஊட்ட உட்டு எங்கயும் போகவும் ஏலா.”

மெடம் கடதாசியை விரித்து, அதையும் எழுதிக்கொண்டார்.